பித்தளை ஒளிவாள் பிடி: கோளாறு தெரியும் இடமும் அது பிறந்த இடமும்

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாளின் பிடியைப் பித்தளைக் குழாய்ப் பாகங்களில் செய்யத் தொடங்கி, பாதியில் ஏதோ ஒன்று மக்கர் செய்ய, மேசை மேல் அப்படியே போட்டு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலிருந்து எப்படிச் செய்வது என்பது இதில் இல்லை. உங்கள் பிடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. சோல்டர் (உருக்கி இணைக்கும் பற்றாசு) ஒட்டவில்லை என்றால் நம் கை சரியில்லை என்று நினைப்போம். வாங்கி வந்தது பித்தளையே இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும். அதனால் கையில் இருப்பது என்ன அளவு, என்ன உலோகம், மேலே என்ன பூச்சு என்ற மூன்றையும் பார்க்காமல் எதையும் இறுக்காதீர்கள், சூடாக்காதீர்கள்.

குழாய்ச் சாமான்களில் வாள் செய்கிறோமே என்று கூச்சப்படவும் தேவையில்லை. 1977-இல் வந்த முதல் படத்தில் இளம் நாயகன் பிடித்திருந்தது பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. அவனுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவரின் வாளில் ஒரு ரைஃபிள் கிரனேடின் பாகம், ஜெட் எஞ்சின் குழாய்த் துண்டு, தண்ணீர்க் குழாயின் திருகு எல்லாம் இருந்தன. ஓட்டை உடைசலில் பிறந்த வாள்தான் அது.

மரை இரண்டு மூன்று சுற்று ஏறுகிறது, அப்புறம் இறுகி நின்றுவிடுகிறது

ரெஞ்சை எடுக்காதீர்கள். பெரும்பாலும் இது இரண்டு வேறு மரைகள் சந்தித்த கதை.

மலேசியாவில் ஹார்ட்வேர் கடையில் வாங்கும் குழாய்ப் பாகங்களில் இருப்பது பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் தர மரை, அதன் கோணம் 55 பாகை. அமெரிக்காவிலிருந்து வரும் சாமான்களில் இருப்பது என்.பி.டி. என்னும் அமெரிக்கத் தர மரை, 60 பாகை. ஒரு அங்குல அளவில் வித்தியாசத்தைச் சீக்கிரம் பிடித்துவிடலாம்: பி.எஸ்.பி.யில் அங்குலத்துக்கு 11 மரை, என்.பி.டி.யில் பதினொன்றரை. ஆனால் அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே 14தான். அதனால் அழகாகத் தொடங்கும், நம்பிக்கையும் கொடுக்கும், அப்புறம் மாட்டிக்கொள்ளும். பினாங்கின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பொறுக்கிய பாகத்தையும் புதிதாக வாங்கிய பாகத்தையும் சேர்க்கும்போது இந்தத் தொல்லை அதிகம்.

சோதிக்க, இரண்டு ஆண் மரைகளை ஒன்றோடொன்று பதித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பல்லும் பள்ளமும் பொருந்தாமல் நடுவே வெளிச்சம் கசிந்தால் வேறு மரை. பொருந்தினாலும், அரை, முக்கால் அளவுகளில் அதை மட்டும் நம்ப முடியாது. மரை கேஜ் வைத்துக் கோணத்தையும் பாருங்கள். வேறு மரை என்று தெரிந்தால் இரண்டில் ஒன்றைக் கைவிடுவதே நல்லது. எண்ணெய் போட்டு இறுக்கினால் ஏறத்தான் செய்யும். பித்தளை மெத்தென்ற உலோகம், வளைந்து கொடுக்கும். ஆனால் திரும்பக் கழற்றும்போது மரையும் கூடவே வந்துவிடும்.

மரை சரிதான், ஆனால் தோள்பட்டை வரை மூடாமல் இடைவெளி தெரிகிறது

கடைப் பாகங்களின் ஆண் மரை பல நேரம் கூம்பலாகச் சீவப்பட்டிருக்கும்: 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. கூடும். தண்ணீர் ஒழுகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பைப்புக்காரருக்கு இரண்டு மரை வெளியே தெரிந்தால் கவலையில்லை, நமக்குக் கண்ணை உறுத்தும்.

வழி மூன்று. லேத் கடையில் கொடுத்து நேர் மரை வெட்டும் டை ஒன்றை ஓட்டச் சொல்லலாம். அல்லது முதலிலேயே நேர் மரை உள்ள பாகமாகத் தேடலாம். ரப்பர் வாஷர் வைத்து மூடும் தொட்டி இணைப்புகளில் அது கிடைக்கும். மூன்றாவது எனக்குப் பிடித்தது: இடைவெளியை மறைக்காமல், கறுப்பு ஓ-ரிங்கோ மெல்லிய பித்தளை லாக்நட்டோ போட்டு, அது அங்கேதான் இருக்க வேண்டும் என்பதுபோல் ஆக்கிவிடுவது. பார்க்கிறவர்கள் அதை வடிவமைப்பு என்றே நினைப்பார்கள்.

முழுக்க இறுக்கினால் சுவிட்ச் தப்பான பக்கம் போய் நிற்கிறது

நேர் மரைப் பாகங்களில் வரும் கோளாறு இது. இறுக்கத்தைக் குறைத்துச் சமாளித்தால் பிடி கையிலேயே கழன்று ஆடும். கணக்குப் போட்டால் விஷயம் சுலபம். அங்குலத்துக்கு 14 மரை என்றால் ஒரு சுற்றுக்கு 1.81 மி.மீ. நகரும். ஆகவே கால் சுற்றுக்கு 0.45 மி.மீ. சுவிட்ச் கால் சுற்று முன்னாலேயே நிற்க வேண்டுமானால் 0.45 மி.மீ. தடிப்புள்ள வளையத்தை நடுவில் வையுங்கள். கால் சுற்று தாண்டிப் போக வேண்டுமானால் முகப்பிலிருந்து அதே அளவைத் தேய்த்துவிடுங்கள். ஒரு அங்குலப் பாகத்தில் மரை 11 என்பதால் கால் சுற்றுக்கு 0.58 மி.மீ.

தேய்ப்பதென்றால் அரத்தால் வேண்டாம், முகப்பு சாய்ந்துவிடும். தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, பாகத்தை நிமிர்த்திப் பிடித்து எட்டு வடிவத்தில் ஓட்டுங்கள். அடிக்கடி காலிப்பரால் அளந்து பாருங்கள்.

பிடி விளையாடும்போது கழன்றுகொள்கிறது

வெள்ளை டெஃப்லான் நாடா இதற்கு ஆகாது. ஓரத்தில் நூல் நூலாகப் பிதுங்கி அசிங்கமாகத் தெரியும், பிடிப்பும் கொடுக்காது. நடுத்தர வலிமையுள்ள மரைப்பசை ஒரு துளி போதும். செம்பு கலந்த உலோகத்தில் அந்தப் பசை எஃகைவிடச் சீக்கிரம் இறுகும் என்பதை மனதில் வைத்து, எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு தடவுங்கள். பேட்டரி மாற்றக் கழற்ற வேண்டிய இணைப்பில் பசையே வேண்டாம், பக்கவாட்டில் 2.5 மி.மீ. துளை போட்டு, மரை வெட்டும் எம்3 டேப்பை ஓட்டி, ஒரு தலையில்லாத் திருகு வையுங்கள். அதன் முனை உள்பாகத்தில் சின்னக் குழியில் உட்கார வேண்டும், வழுவழுப்பான பரப்பில் உட்கார்ந்தால் வழுக்கும்.

வாள்குழல் ஆடுகிறது, இல்லையென்றால் நுழையவே மறுக்கிறது

எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பிறைத் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு லேத் கடையில் நின்றால் இந்த உரையாடலை நீங்களே கேட்கலாம்.

"அண்ணே, ஒரு இன்ச் பாகம், ஒரு இன்ச் குழல். ஏன்ணே இப்படி ஆடுது?"

"தம்பி, ஒரு இன்ச்ங்கிறது பேரு. காலிப்பர் போட்டுப் பாரு, அப்புறம் பேசலாம்."

வாள்குழலாக நாம் வாங்கும் பாலிகார்பனேட் குழலின் வெளிவிட்டம் நிஜமாகவே ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. குழாய்ப் பாகத்தின் ஒரு அங்குலம் என்பதோ அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளையை ஒட்டி வந்த பெயர். ஒரு அங்குலப் பெண் மரையின் உள்விட்டம் 30.3 மி.மீ., அதனால் குழல் தொளதொளவென்று ஆடும். முக்கால் அங்குலத்துக்குப் போனால் 24.1 மி.மீ., நுழையாது. நமக்கு வேண்டிய அளவு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது.

நாடா சுற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. ஒரு சண்டை முடிந்ததும் நாடா சுருண்டு உள்ளே போய்விடும். உருப்படியான வழி, ஒரு அங்குலப் பாகத்துக்குள் ஒரு புஷ் (இடைவெளியை நிரப்பும் உள்குழாய்) வைப்பது. 28 மி.மீ. செம்புத் தண்ணீர்க் குழாயில் 1.2 மி.மீ. தடிப்புள்ளதை வாங்கினால் உள்விட்டம் 25.6 மி.மீ. வரும்; குழல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். அதே குழாயில் 0.9 மி.மீ. தடிப்பும் விற்கிறார்கள், அதில் உள்விட்டம் 26.2, கொஞ்சம் ஆடும். கடையில் கேட்கும்போதே தடிப்பைச் சொல்லிக் கேளுங்கள். செம்புக்கும் பித்தளைக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளியைச் சோல்டரால் நிரப்ப நினைக்காதீர்கள், அது அவ்வளவு பெரிய இடைவெளியைத் தாங்காது. லேத்தில் ஒரு வளையம் கடைந்து போடச் சொல்லுங்கள். குழல் குறைந்தது 4 செ.மீ. உள்ளே உட்காரும்படி புஷ்ஷின் நீளம் இருக்கட்டும். துளை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் ஆழம் போதாவிட்டால் ஆடத்தான் செய்யும்.

துளை போடும்போது டிரில் கவ்விக்கொண்டு பாகத்தையே சுழற்றுகிறது

பித்தளைக்கும் எஃகுக்கும் வெட்டும் முனை வேறு. எஃகுக்குத் தீட்டிய டிரில்லின் விளிம்பு பித்தளையில் திருகாணி போல இறங்கி இழுத்துக்கொள்ளும், அதுவும் மறுபக்கம் வெளிவரும் நேரத்தில். சின்ன எண்ணெய்க் கல்லால் வெட்டும் விளிம்பு இரண்டையும் லேசாகத் தட்டையாக்கிவிடுங்கள். விளிம்பில் ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு தெரிந்தால் போதும். அதன் பிறகு அந்த டிரில்லைப் பித்தளைக்கு என்றே ஒதுக்கி வையுங்கள்.

குழாயில் துளை மூன்று மூலையாக வந்தால், உள்ளே இறுக்கமாக ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு, சுவிட்சுக்கான பெரிய துளையைப் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில்லால் போடுங்கள். வைஸில் பிடிக்கும்போது பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டால் தாடைத் தழும்பு விழாது.

பித்தளைத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. லேத்தில் சுலபமாகக் கடைய உதவும் வகைகளில் சுமார் 3 சதவீதம் ஈயம் இருக்கும். தேய்ப்பதைத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள், சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம்.

சோல்டர் ஓடாமல் உருண்டை உருண்டையாக நிற்கிறது

முதலில், அது பித்தளைதானா? கண்ணில் படாத உள்பக்கம் ஒரு இடத்தில் அரத்தை ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு விலகி அடியில் மஞ்சள் தெரிந்தால் குரோம் பூசிய பித்தளை. சாம்பல் வெள்ளையாக, தூள் ஒட்டிக்கொள்வதுபோல் இருந்தால் துத்தநாகக் கலவை. மலிவான குழாய்த் திருகுகள் நிறைய அதில்தான் வார்க்கப்படுகின்றன. காந்தம் ஒட்டினால் பித்தளைப் பூச்சுள்ள இரும்பு. துத்தநாகக் கலவை 385 பாகை செல்சியஸ் அருகிலேயே உருகும். டார்ச் காட்டியதும் நிறம் மாறாது, சிவக்காது, திடீரென்று தொங்கி விழும். அப்படி ஒன்று உங்களிடம் நடந்திருந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை. அந்த வகைப் பாகத்தை எப்போதும் மரையாலோ எபாக்ஸியாலோ சேருங்கள்.

குரோம் என்றால் சோல்டர் ஒட்டாது; இணைப்பு வரும் இடத்தில் மட்டும் ஈர உப்புத்தாளால் மஞ்சள் தெரியும்வரை தேயுங்கள். மின்சாரம் விட்டுக் குரோமைக் கழற்றும் வழி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை வீட்டில் செய்யாதீர்கள்: அந்தக் கரைசலில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் உருவாகலாம், அது புற்றுநோய் உண்டாக்குவது.

சுத்தமான பித்தளைதான், இருந்தும் உருண்டை என்றால் சூடு போதவில்லை, அல்லது ஃபிளக்ஸ் (சோல்டர் பிடிக்க முதலில் தடவும் பசை) கருகிவிட்டது. மின் சாமான் ஒட்டும் 60 வாட் அயர்ன் இந்தக் கனத்துக்குப் பத்தாது. பித்தளை சூட்டை வாங்கி வாங்கி உடம்பெல்லாம் பரப்பிவிடும். சின்ன கேஸ் டார்ச் வேண்டும். தீயைச் சோல்டரில் காட்டாதீர்கள், இணைப்பிலும் நேராகக் காட்டாதீர்கள். தடித்த பாகத்தின் பின்பக்கம் காட்டுங்கள். ஃபிளக்ஸ் முதலில் கொதித்து நுரைக்கும், அப்புறம் அடங்கிக் கண்ணாடி மாதிரி தெளியும். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் கம்பியைத் தொட்டால், ஒரு வெள்ளிக் கோடு இணைப்பைச் சுற்றி ஓடி உங்கள் பக்கம் வந்து சேர்வதைப் பார்க்கலாம். சூடு இருக்கும் பக்கம்தான் சோல்டர் போகும். ஃபிளக்ஸ் கறுத்துவிட்டால் மேலும் சூடாக்குவதில் பயனில்லை. ஆறவிட்டு, தேய்த்து, மறுபடி தொடங்குங்கள்.

இன்னும் இரண்டு தொல்லை. இரண்டாவது இணைப்பை வைக்கும்போது முதலாவது கழன்று விழுகிறதா? ஈயம் இல்லாத குழாய்ச் சோல்டர் 227 பாகையில் உருகத் தொடங்கும், வெள்ளீயமும் ஈயமும் கலந்தது 183-இல். அதிகச் சூட்டில் உருகுவதை முதலில் வையுங்கள், குறைந்ததை அடுத்து. முதல் இணைப்பில் ஈரத்துணி சுற்றுங்கள். இரண்டு முனையும் மூடிய குழாயில் கடைசி இணைப்பில் ஊசித்துளை விழுகிறதா? உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து சோல்டரைத் துப்புகிறது. எங்காவது ஒரு சின்ன துளை விட்டுவிட்டு வையுங்கள்.

முடிந்ததும் வெந்நீரில் கழுவ மறக்காதீர்கள். அமில ஃபிளக்ஸ் தங்கினால் சில வாரத்தில் இணைப்பு ஓரமெல்லாம் பச்சைக் கோடு வரும்.

விளக்கு மினுக்குகிறது, பிடி சூடாகிறது

சூடானால் உடனே பேட்டரியை வெளியே எடுங்கள். பித்தளை முழுக்க மின்கடத்தி, உள்ளே ஒரு வயர் உரிந்திருந்தாலும் போதும். 18650 லித்தியம் பேட்டரியின் மேல் உறை கிழிந்தால் அதன் உலோக உடம்பு முழுவதும் மைனஸ், பிடி முழுவதும் மைனஸ் ஆகிவிடும். பிளஸ் வயர் எங்கே தொட்டாலும் ஷார்ட். உறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். பேட்டரிக்கும் பித்தளைக்கும் நடுவே பிளாஸ்டிக் குழாய் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்து, பேட்டரி இல்லாமல், பிடியின் உடம்புக்கும் ஒவ்வொரு வயருக்கும் நடுவே சோதியுங்கள். எதிலும் பீப் கேட்கக் கூடாது.

மினுக்கல் மட்டும்தான் என்றால் டிரில் போட்டபோது விழுந்த தூள் சுவிட்சுக்குள் புகுந்திருக்கலாம். மரை வெட்டி, துளை போட்டு, கழுவி, காய்ந்த பிறகுதான் மின்பாகம் உள்ளே போக வேண்டும்.

அலுமினியப் பாகம் பித்தளைக்குள் கெட்டியாகிவிட்டது

கை வியர்வை இரண்டு உலோகத்துக்கும் நடுவே புகுந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். மரையில் வெள்ளைத் தூள் கட்டும். எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அலுமினியம் வெளியே இருந்தால் சூடு காட்டலாம், அது பித்தளையைவிட அதிகம் விரியும். உள்ளே இருந்தால் சூடு இன்னும் இறுக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஃப்ரீசரில் வைத்து எடுத்துத் திருகுங்கள். அடுத்த முறை மாட்டும்போது கிரீஸ் தடவுங்கள்.

மினுக்கிய பித்தளை இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகிறது. வார்னிஷ் பால் மாதிரி வெளுக்கிறது

குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்ப்பது நல்ல வழிதான். ஆனால் புளியைத் தடவிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால் அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பை மட்டும் மேலே விட்டுவிடும். அதுதான் அந்த இளஞ்சிவப்பு. மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போகும். அடுத்த முறை உடனே கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுங்கள்.

வார்னிஷ் வெளுப்பது பினாங்கு மழையின் வேலை. ஸ்ப்ரே செய்ததும் கரைப்பான் ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. மழை நாளிலும் மழை பெய்து முடிந்த மாலையிலும் ஸ்ப்ரே செய்யாதீர்கள். வெயில் நன்றாக ஏறிய நேரத்தில், பாகத்தை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஏற்கெனவே வெளுத்ததை வறண்ட ஒரு நாளில் தின்னர் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். என்னைக் கேட்டால் கையில் பிடித்து விளையாடும் பிடிக்கு வார்னிஷே வேண்டாம். கை படும் இடத்தில் மட்டும் உரிந்து பார்க்கச் சகிக்காது. மெழுகு போதும், மங்கினால் மறுபடி துலக்கிக்கொள்ளலாம்.

குழாயில் நீளவாக்கில் விரிசல்

அடிபடவில்லை, கீழே விழவில்லை, அலமாரியில் இருந்தபடியே விரிந்தது என்றால் அம்மோனியாவைச் சந்தேகியுங்கள். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், ஈரமும், உறையை இழுத்துச் செய்தபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம். நம் பித்தளைக் குழாயும் இழுத்துச் செய்ததுதான், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கும் குறைவில்லை. கண்ணாடி துடைக்கும் திரவங்களிலும் சில மெட்டல் பாலிஷ்களிலும் அம்மோனியா உண்டு. பாலிஷ் போட்டால் மிச்சமில்லாமல் கழுவித் துடையுங்கள்; மரையிடுக்கில் தங்கவிடாதீர்கள். விரிந்த குழாயைச் சோல்டர் போட்டு மூடினாலும் பக்கத்தில் இன்னொரு விரிசல் கிளம்பும். அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள். புதியதைப் பொருத்தும் முன், சுமார் 250 முதல் 300 பாகையில் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்தால் உள்ளிறுக்கம் தளரும்.

எல்லாம் சரி, ஆனால் தூக்க முடியவில்லை

28 செ.மீ. நீளம், 32 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிப்புள்ள பித்தளைக் குழாய் மட்டுமே ஏறக்குறைய 450 கிராம். 1 மி.மீ. தடிப்பென்றால் 230 கிராம்தான். பேட்டரியை வாள்குழல் பக்கம் வைத்திருந்தால் அதைப் பின்முனைக்கு மாற்றிப் பாருங்கள், பாதிப் பாரம் குறைந்தது போலிருக்கும். அதுவும் போதாவிட்டால் கண்ணில் படாத உள்பாகங்களை லேத்தில் கொடுத்துக் குடையச் சொல்லுங்கள். மரை இருக்கும் இடத்தில் மட்டும் 2 மி.மீ. சுவரை விட்டுவைக்கச் சொல்ல வேண்டும்.